தோத்திரமும் பாத்திரமும் பறையும்

சேரிக் கிறிஸ்தவர்களின் வரலாற்றை இதுவரை இரண்டு தரப்பார் எழுதியிருக்கிறார்கள். ஒரு தரப்பு மிஷன் அறிக்கைக்காரர்கள். இந்த வருஷம் இத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள், இத்தனை பள்ளிக்கூடம் கட்டினோம் என்று தலையை எண்ணிக் கணக்கு வைத்தவர்கள். இன்னொரு தரப்பு நம்மை 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்று ஏளனம் பேசியவர்கள். கூழுக்கும் கோதுமைக்கும் மதம் மாறின கூட்டம் என்பது அவர்கள் முடிவு. இரண்டு தரப்பும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. நம்ம சனம் சாமியை எப்படித் துதிச்சது? அந்தத் துதியாலே அன்றாடப் பிழைப்பில் என்ன மாறிச்சு, என்ன மாறாமக் கெடந்துச்சு? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

துதி என்றால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் நடக்கிற காரியம் என்றுதான் இறையியல் படித்தவர்கள் நினைக்கிறார்கள். சேரியில் அது தெருவில் தொடங்கியது. செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் சேரியில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் சொல்லுகிற வார்த்தை 'தோத்திரம்'. பாதிரிமார் கொடுத்த வார்த்தை 'ஸ்தோத்திரம்'. அந்த 'ஸ்'ஸை நம்ம சனம் உதறிப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கச் சேரிகளிலும் 'தோத்திரம் சாமி' என்கிற வழக்கம் உண்டு. சாதாரண முகமன் வார்த்தைதானே என்று தோன்றலாம். அதற்கு முன்னால் நம்ம வாயில் இருந்த முகமன் என்ன என்று யோசித்தால்தான் அதன் கனம் தெரியும். துண்டைக் கக்கத்தில் இடுக்கி, முதுகை வளைத்து, வாயைப் பொத்தி, மிராசுதாருக்குச் சொன்ன 'கும்புடுறேன் சாமி' என்பதைத் தவிர வேறு முகமன் நமக்குப் பழக்கமில்லை. சேரிக்காரன் இன்னொரு சேரிக்காரனுக்கு மரியாதை செய்ய ஒரு சொல் கிடையாது. தோத்திரம் அந்தச் சொல்லானது. துண்டு தோளில் இருக்க, முதுகு நிமிர்ந்திருக்க, ஒரு படியாள் இன்னொரு படியாளைப் பார்த்துச் சொன்னது.

இதனால் கும்பிடு ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. எங்க ஆயா இதைச் சுருக்கமாகச் சொல்லும்: "கழனில கும்புடு, தெருவுல தோத்திரம். ரெண்டும் இதே வாய்தான்."

ஓய்வுநாள் விஷயமும் இப்படித்தான். 'ஞாயித்துக்கெழம ஏர் கட்ட வரமாட்டோம்' என்று சொல்வது படியாளுக்குச் சின்ன விஷயம் அல்ல. நாள் எல்லாம் ஆண்டையுடையது என்று இருந்த இடத்தில் ஒரு நாளை எடுத்து, இது வேற ஒருத்தருடையது என்று சொல்வது. அன்றைக்குப் படி கிடையாது. மறுநாள் வசவு உண்டு, சில சமயம் அடியும் உண்டு. சேரிக் கோயிலில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை உபதேசியார் தட்டும்போது ஊர்த்தெருவுக்கும் அது கேட்கும். எத்தனை பேர் வேலைக்கு வரப்போவதில்லை என்பதை மிராசுதாரும் அந்தச் சத்தத்தை வைத்தே கணக்குப் போட்டுக்கொள்வார் என்று ஆயா சொல்லியிருக்கிறது.

கைப்பிடி அரிசி என்று ஒன்று உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் களைந்து போடுகிற அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். ஐந்து வாய் சாப்பிட மூன்று வாய்க்கு மட்டுமே அரிசி இருக்கிற வீட்டிலும் அந்தப் பிடி தவறாது. உபதேசியார் சம்பளம், கோயில் விளக்குக்கு எண்ணெய், கூரைக்கு ஓலை எல்லாம் அதிலிருந்துதான். அரிசிக்காக மாறினவர்கள் என்று நம்மைச் சொன்னவர்கள், நம்ம பெண்கள் கொடுத்த இந்த அரிசியை எந்தக் கணக்கில் எழுதினார்கள்? மிஷன் அறிக்கையில் 'சுதேசிகளின் காணிக்கை' என்று ஒரு வரி வந்தால் அதிகம்.

இது ஒரு பக்கம். தெருவில் நிமிர்ந்த முதுகு கோயிலுக்குள் போனதும் என்ன ஆயிற்று என்பது அடுத்த பக்கம். அதற்கு முன்னூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706 ஜூலையில். அடுத்த வருஷம் அவர் முதலில் ஞானஸ்நானம் கொடுத்தது ஐந்து அடிமைகளுக்கு. டேனிஷ்காரர்கள் வீட்டில் வேலை செய்த அடிமைகள். புராட்டஸ்டண்டு தமிழ்ச் சபை அடிமைகளிடமிருந்து தொடங்கியது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் கொஞ்ச காலத்திலேயே அதே சபைக்குள் வேளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் என்று உட்காரும் இடம் பிரிந்துவிட்டது. திருவிருந்தில் முதலில் அவர்கள், பிறகு நம்மவர்கள். சில இடங்களில் பாத்திரமே இரண்டு. 'இது உங்களுக்காகச் சிந்தப்படுகிறது' என்று சொல்லிக் கொடுக்கிற பாத்திரத்தில் யார் வாய் முதலில் பட வேண்டும் என்பதற்குச் சாதி வரிசை இருந்தது.

ராஜநாயக்கன் கதை இங்கேதான் வருகிறது. தலித் கிறிஸ்தவ வரலாற்றில் முதலில் சொல்லப்பட வேண்டிய பெயர்களில் ஒன்று. நம்ம பிள்ளைகள் பலபேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பறையர் சாதி. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சாவூர் மராட்டிய ராஜாவின் படையில் சேர்வைக்காரர். நாலு சுவிசேஷமும் அப்போஸ்தலர் நடபடிகளும் தரங்கம்பாடியில் 1714இல் தமிழில் அச்சாகியிருந்தன. அந்தப் புத்தகம் சுற்றிச் சுற்றி இவர் கைக்கு வந்தது. எந்தப் பாதிரியும் இவரைத் தேடிப் போகவில்லை. படித்தார், தானாகத் தரங்கம்பாடியைத் தேடிப் போனார், பிறகு படை வேலையை விட்டு உபதேசியாரானார். தரங்கம்பாடிப் பாதிரிமார் தஞ்சாவூர் ராச்சியத்துக்குள் நினைத்தபடி போய்வர முடியாத காலம் அது. அதனால் அங்கே சபை என்று ஒன்று உருவானதற்குப் பெரிய காரணம் இந்த மனிதர்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் நடந்தே ஊழியம் செய்தார். அடி உதையும் பட்டார்.

1733இல் ஆரோன் என்கிற வேளாளருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். முதல் தமிழ்ப் புராட்டஸ்டண்டு போதகர் என்று சபை வரலாற்றுப் பரீட்சையில் கேட்பார்களே, அவர்தான். அடுத்து யார் என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் அடிபட்டது. தகுதியில் குறை இருந்ததாகப் பாதிரிமாரே சொல்லவில்லை. அவர்கள் யோசித்தது வேறு. ஒரு பறையன் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கூசுவார்கள், அதனால் அந்தத் திருவிருந்துக்கே மதிப்புக் குறைந்துபோகும் என்று எழுதி வைத்தார்கள். 1741இல் தியோகு என்பவருக்குப் பட்டம் கிடைத்தது. ராஜநாயக்கன் சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

இந்த வாதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தோழர்களில் சிலர், 'பாதிரிமார் வெளிநாட்டுக்காரர்கள், சாதி அவர்களுக்குப் புரியவில்லை' என்று இரக்கப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றாகப் புரிந்துதான் எழுதினார்கள். சுவிசேஷம் சொல்ல அந்த வாய் வேண்டும், காடு கழனி தாண்டி நடக்க அந்தக் கால் வேண்டும், அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க மட்டும் அந்தக் கை வேண்டாம். ஒரு மனுஷன் உடம்பை இப்படிப் பங்கு போட்டார்கள். பண்ணையில் நடந்ததும் இதே பங்குதான். நெல்லை நடவும் அறுக்கவும் அந்தக் கை வேண்டும், சோறாக வந்தபிறகு அந்தக் கை படக்கூடாது.

ஆனால் நம்ம ஆட்கள் சும்மா இருந்தார்கள் என்று நினைக்கக் கூடாது. கத்தோலிக்கத் தரப்பில் புதுச்சேரியில் ஒரு சம்பவம். இதைப் பதிவு செய்தவர் நம்மவர் அல்லர். ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1745இல் எழுதுகிறார். புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் பறையர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்தது. காரைக்கால் கோயிலில் அப்படிச் சுவர் இல்லை என்பது சேரிச் சனத்துக்குத் தெரிய வந்ததும் எல்லாரும் திரண்டு பெரிய சாமியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள். நாங்களும் உங்கள் பிள்ளைகள் என்றால் நடுவில் சுவர் எதற்கு? சாமியார் சுவரை இடிக்கச் சொன்னார். பிறகு மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கலகம் செய்ததும், கோயிலுக்கு வரமாட்டோம் என்று முறுக்கியதும் அதே நாட்குறிப்பில் இருக்கிறது. பிள்ளை ஒன்றும் நம்ம பக்கம் நின்று எழுதியவர் இல்லை. கோயிலுக்குள் நடந்த கூத்தை ஒரு வேடிக்கையாகத்தான் பார்க்கிறார். எனக்கு வேண்டியது அந்தக் கேள்வி மட்டும். அம்பேத்கர் பிறப்பதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், பேர் தெரியாத சேரி ஆட்கள் கேட்ட கேள்வி.

அடுத்த நூற்றாண்டில் தஞ்சாவூருக்குத் திரும்பினால் பாட்டுப் பிரச்சினை வருகிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) பெரிய புலவர், 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதியவர். அவர் கீர்த்தனைகள் இல்லாமல் தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்டு கோயில் ஒன்றும் கிடையாது. புதிதாக வந்த பாதிரிமார் கோயிலில் சாதி வித்தியாசத்தை எடுக்கப் பார்த்தபோது, 1829 வாக்கில், சாதி ஆசாரத்தை ஆதரித்து எழுதினவரும் இதே சாஸ்திரியார்தான். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் கோயிலுக்குள் சாதி அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் கோயிலை விட்டு வெளியேறினார்கள். பிற்பாடு, சாதி விஷயத்தில் கெடுபிடி காட்டாத லைப்சிக் லுத்தரன் மிஷன் அப்படிப் பலரைச் சேர்த்துக்கொண்டது.

இப்போது எங்க ஆயாவை நினைத்துப் பார்க்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. நாற்று நடும்போதும் களை பறிக்கும்போதும் அதன் வாயில் சாஸ்திரியார் கீர்த்தனைதான். பாட்டு எழுதினவர் இருந்த காலத்தில் தன் பக்கத்தில் உட்கார விட்டிருக்க மாட்டார் என்பது ஆயாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பாட்டை விட்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஒன்று மட்டும் நிச்சயம். அச்சுப் புத்தகத்தில் போட்டிருக்கிற ராகம் வேறு, ஆயா பாடின மெட்டு வேறு. அது நடவுப் பாட்டு மெட்டு. வாயில் நுழையாத சமஸ்கிருத வார்த்தைகளைத் தனக்கு ஏற்றபடி உடைத்துப் போட்டிருக்கும். கோயிலில் பாட்டு வாத்தியார் இதை 'தப்பு' என்று திருத்துவார். ஆயா கோயிலில் அவர் மாதிரி பாடிவிட்டு, கழனியில் தன் மாதிரி பாடும்.

இந்தத் 'தப்பை' எடுத்து இறையியலாக ஆக்கினவர் தியோபிலஸ் அப்பாவு. பறட்டை என்று பேர் வைத்துக்கொண்டவர். '16 வயதினிலே' பார்த்தவர்களுக்கு அந்தப் பேர் எப்படிப்பட்டது என்று தெரியும். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்தார், 2005இல் காலமானார். கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனையை ஏழைச் சனம் கேட்டுத் தலையாட்டலாம், ஆனால் மாற்ற முடியாது, நாட்டுப்புறப் பாட்டை அவர்கள் தங்கள் அனுபவத்துக்கேற்ப மாற்றிப் பாடலாம், அதுதான் விடுதலைக்கு உதவும் பாட்டு என்பது அவர் வாதம். நாட்டுப்புற இசையிலேயே ஒரு முழு வழிபாட்டு முறையை அமைத்தார். கடவுளைக் கர்த்தர், ராஜா என்று கூப்பிடாமல் 'பெத்தவரு' என்று கூப்பிட்டார். அம்மாவா அப்பாவா என்று கேட்டால் ரெண்டுந்தான். ஊரில் யாரும் பெற்றவர்களை 'பிதாவே' என்று கூப்பிடுவதில்லை.

அவர் சொன்னதில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது 'ஒரே ஒலை'. உலை என்பதைச் சனம் பேசுகிறபடி ஒலை என்றார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து தின்கிறவர்கள்தான் ஒரு குடும்பம். திருவிருந்து என்பது அதுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ராஜநாயக்கனுக்குப் பாத்திரத்தை மறுத்தவர்களுக்கு இருநூற்றைம்பது வருஷம் கழித்து வந்த பதில் என்றே இதை நான் வாசிக்கிறேன். அப்பமும் ரசமும் பரிசுத்தம் என்று தனியாக எடுத்து வைத்ததால்தானே அதற்குத் தீட்டு வந்தது? சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால், உன் வீட்டில் நான் சாப்பிடலாமா, என் வீட்டில் நீ சாப்பிடுவாயா என்கிற கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது.

பறை கதை இவ்வளவு நேராக இல்லை. மதம் மாறும்போது பாதிரிமார் போட்ட நிபந்தனைகளில் பறை அடிப்பதை விடுவதும் பல இடங்களில் ஒன்று. பேய்க்கு அடிக்கிற மேளம் என்று அவர்கள் பார்த்தார்கள். நம்ம சனமும் விட்டார்கள், பல பேர் சந்தோஷமாகவே விட்டார்கள். சாவுக்கு அடிக்கப் போ என்று ஊர்க்காரன் ஆள் அனுப்பினால் 'நாங்க வேதக்காரங்க, அடிக்க மாட்டோம்' என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்ததே, அதற்காக. அதனால் 1990களில் இளைஞர்கள் பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தபோது முதல் எதிர்ப்பு சேரிக்குள்ளிருந்துதான் வந்தது. "அத்த உட்டுட்டுத்தானே வெளிய வந்தோம், மறுபடியும் இன்னாத்துக்குத் தோள்ல மாட்டிக்கிறீங்க?" என்று ஆயா கேட்டது. இந்தக் கேள்வியைப் பிற்போக்கு என்று தள்ளிவிட முடியாது. தோல் கருவியைப் பெருமை என்று மேடையில் பேசுவது சுலபம். அதை அடிக்க மறுத்ததற்காக அடி வாங்கினவர்களின் பேத்தியாக இருந்து பேசுவது வேறு. இழிவு பறையில் இல்லை, அடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தில்தான் இருக்கிறது என்பது எங்கள் தரப்பு பதில். ஆயா அதை முழுசாக ஒத்துக்கொண்டதாகச் சொல்ல மாட்டேன்.

இதற்கிடையில் அரசாங்கம் தன் பங்குக்கு ஒரு இறையியல் எழுதியது. 1950ஆம் வருஷ ஜனாதிபதி ஆணைப்படி இந்து அல்லாதவர் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் கிடையாது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் இன்றுவரை சேர்க்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்கிற ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். தெருவோரத் தொழிலாளிகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறின பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்க ஆதாரம் போதாது என்று 1985 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அதே வெயில், அதே தோல், அதே ஊசி. தாழ்வு அவருடைய ஞானஸ்நானத் தண்ணீரில் கரைந்துபோனதாகச் சட்டம் நம்புகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவரைப் போன்றவர்களைக் காப்பாற்றாது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்காமல் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. செய்யவில்லை. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடியும் ஒரு ஆணையம் போட்டார்கள்.

சூசைக்கு ஆதாரம் போதவில்லை என்றார்களே, ஆதாரம் வேண்டுமென்றால் சபைகளிடமே இருக்கிறது. பாமா 'கருக்கு' எழுதி 1992இல் வெளிவந்தது. கன்னியர் மடத்துக்குள் போய் வெளியே வந்த ஒருத்தியின் சாட்சியம் அது. எறையூரில் தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டார்கள். 2016இல் கத்தோலிக்க ஆயர் பேரவையே சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. திருச்சிக் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றி இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் சேரிக் கோயிலில் பறை உள்ளே போக வருஷங்கள் ஆயின. முதலில் கிறிஸ்துமஸ் பவனியில் கோயில் வாசல் வரை வரலாம், வாசற்படியில் நிறுத்திவிட வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டார்கள். பிறகு அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு அடிக்கலாம் என்றார்கள். பூசணிக்காயும் சேவலும் முட்டையும் ஏலம் போகிற இடம் கோயிலுக்கு வெளியேதானே. அடுத்தடுத்த வருஷங்களில் மழை வந்து ஏலத்தை உள்ளே மாற்றினார்கள், பறையும் உள்ளே வந்துவிட்டது. யாரும் தீர்மானம் போடவில்லை. இப்போது பெண் பிள்ளைகளும் அடிக்கிறார்கள். கோயில் பின்னால் வைக்கோலைக் கொளுத்தித் தோலைச் சூடு காட்டுகிறார்கள், அந்தப் புகை பிரசங்கம் நடக்கும்போது ஜன்னல் வழியாக உள்ளே வரும்.

நாலைந்து வருஷத்துக்கு முன் ஊர்த்தெருவிலிருந்து ஒருத்தர் சைக்கிளில் வந்தார். வயசானவர். அவர் வீட்டில் சாவு. "கோயில்ல அடிக்கிறீங்களே, எங்க சாவுக்கு வந்து அடிச்சா இன்னா?" என்று கேட்டார். அங்கே பறை அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி, பன்னிரண்டாவது படிக்கிறவள், "போன மாசம் எங்க ஆயா செத்துச்சு, நீங்க யாரும் வரலியே" என்றாள். அவர் கொஞ்ச நேரம் நின்றார். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.